நங்கூரத் தெரு நடந்த கதை

கால் நடந்தால் அது படுத்திருக்கும், கால் நின்றால் அது நடக்கும். அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்.

நிழல் என்கிறீர்களா? இல்லை, கால் நின்றால் நிழலும் நின்றுவிடும். சைக்கிளா? அதை மிதிக்கவே இரண்டு கால் வேண்டும். பெரிய ஊர்த் துணிக்கடையில் இருக்கிற நகரும் படிக்கட்டு என்று பின்னால் யாரோ சொல்வது காதில் விழுகிறது. நெருங்கிவிட்டீர்கள், ஆனால் அதற்குக் கரண்ட் வேண்டும், இதற்குக் கரண்டும் வேண்டாம், சாவியும் வேண்டாம், லூர்தம்மாள் என்ற ஒரு தபால்காரம்மாவும் அவருடைய இரண்டு கால்களும் இருந்தால் போதும். விடை, புன்னைத்துறை என்ற கடலோர ஊரில் இருக்கும் நங்கூரத் தெரு.

அந்தத் தெருவின் ஒரு முனையில் மாதா கோயில், மறு முனையில் கடல், நடுவில் சிமெண்டு போட்ட சாலை, சாலையின் இரு பக்கமும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும் வீடுகள், அந்த வீடுகளில் கடலுக்குப் போகிறவர்கள், துபாய்க்குப் போனவர்கள், போகலாமா என்று யோசித்துக்கொண்டே கேரம் ஆடுகிறவர்கள். அவர்கள் எல்லாருக்கும் ஆதார் அட்டையும் ஏடிஎம் கார்டும் கல்யாணப் பத்திரிகையும் கொண்டுவந்து கொடுப்பவர் லூர்தம்மாள். காலையில் கோயில் பக்கம் நின்று அவர் ‘தபால்!’ என்று கூப்பிட்டால், கடலோரக் கடைசி வீட்டுச் சுவரில் தூங்குகிற பூனை காதை நிமிர்த்தும்.

முதலில் அவரைவிட்டுப் போனது வாசனை. அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து வீடெல்லாம் நாறியபோதும் அவர் அந்த அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து நிம்மதியாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சளி பிடித்திருக்கிறது என்று கணவர் தொபியாஸ் நண்டு ரசம் வைத்துக் கொடுத்தார். பிறகு எழுத்து சிறுத்தது. பூட்டிய வீடுகளின் கதவில் அவர் செருகிவிட்டு வரும் சீட்டில் முதல் வார்த்தை கடுகளவும் கடைசி வார்த்தை ரவையளவும் ஆனது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் கோயில் கமிட்டித் தலைவருமான மொராயிஸ் சார் அந்தச் சீட்டை ஆட்டிக்கொண்டே வந்தார்.

“ஏம்மா லூர்து, இது எனக்கு எழுதினதா, எங்க வீட்டு எறும்புக்கு எழுதினதா?”

பிறகு குரல் இறங்கியது, பூனை நன்றாகத் தூங்கியது. பிறகு முகம் அசையாமல் போனது.

“ஏளா லூர்து, ஏன் மூஞ்சிய இப்படி உம்முனு வச்சிருக்க? உன் சொத்தையா நான் எழுதி வாங்கினேன்?” என்று மீன் விற்கிற சலேத் மாமி ஒருநாள் கேட்டேவிட்டாள்.

“நான் சிரிச்சிட்டுத்தான மாமி இருக்கேன்” என்றார் லூர்தம்மாள். உண்மையாகவே அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், அது முகத்துக்கு வந்து சேரவில்லை.

பிறகு வலது கை. நடக்கும்போது இடது கை வீசும், வலது கை பையோடு பையாக ஒட்டிக்கொண்டு தொங்கும். சும்மா உட்கார்ந்திருந்தால் அந்த வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மணியை ஓயாமல் உருட்டும். எதையாவது எடுக்கக் கையை நீட்டினால் உருட்டல் அடங்கிவிடும். வேறு ஊராக இருந்தால் கை நடுங்குகிறது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஆனால் நங்கூரத் தெருக்காரர்கள் பிறந்ததிலிருந்து சாயங்காலம்தோறும் ஜெபமாலை சொல்லி வளர்ந்தவர்கள், விரல் உருண்டால் அதற்கு அவர்களுக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும்.

“லூர்து எந்நேரமும் ஜெபமால சொல்லுதா” என்றார்கள். “அதான் பேச்சு கொறஞ்சிட்டு, மொகத்துல ஒரு அமைதி வந்துட்டு.” அவர் வருகிற நேரத்தில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகளை அழைத்துவந்து அந்த விரல்களைத் தொடச் சொன்னார்கள்.

இப்படி இருக்கையில்தான், ஒரு மாசி மாதக் காலையில், ஐஸ் கம்பெனிச் சுவரும் ரேஷன் கடைச் சுவரும் நெருங்கி வருகிற இடுக்கில் லூர்தம்மாளின் பாதங்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன. உடம்பு முன்னால் போகப் பார்த்தது, பாதம் வர மறுத்தது. ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்றார். அப்போது சாலை அடிவயிற்றில் மெல்ல உறுமியது, பிறகு பாயைப் பிடித்து இழுத்தால் அதன்மேல் படுத்திருக்கும் குழந்தையும் சேர்ந்து வருவதுபோல, லூர்தம்மாளையும், அவருக்குப் பின்னால் கூடையோடு வந்த சலேத் மாமியையும், ஒரு கோழியையும் அதன் குஞ்சுகளையும், நிறுத்தியிருந்த பைக்கையும், காயப்போட்டிருந்த கருவாட்டையும் சுமந்துகொண்டு, வீடுகளை வீடுகளின் இடத்திலேயே விட்டுவிட்டு, கடலை நோக்கி நகர்ந்து, மொராயிஸ் சார் வாசலில் போய் நின்றது. அன்று அவருக்கு ஒரு ரிஜிஸ்டர் தபால் இருந்தது.

சலேத் மாமி கூடையை இறக்காமலே சொன்னாள், “நல்லதாப் போச்சு. முட்டுவலி உயிர எடுத்துச்சு.”

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. லூர்தம்மாளின் கால் நின்றால் சாலை நடக்கும், அவர் கால் எழும்பினால் சாலை அந்த நொடியே படுத்துவிடும். அந்தச் சிமெண்டு கடலோரத்தில் எங்கே போய் முடிகிறது, கோயில் பக்கம் எங்கிருந்து புதிதாக வருகிறது என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அதைவிட முக்கியமான கேள்விகள் இருந்தன. சலேத் மாமி வாசலில் காயப்போட்ட நெத்திலி மத்தியானத்துக்குள் நாலு வீடு தள்ளிப் போனால் அது யாருடைய நெத்திலி? இரண்டு சண்டையும் ஒரு மண்டை உடைப்பும் ஆன பிறகு, யார் வாசலில் நிற்கிறதோ அவர்கள் வீட்டுக் குழம்புக்கு அது என்று முடிவானது, எல்லாரும் அடுத்தவர் கருவாட்டைச் சாப்பிட்டு, எல்லாரும் தங்களுடையதைவிட அதுதான் ருசி என்று ஒப்புக்கொண்டார்கள். கிரிக்கெட் ஆடும் பையன்கள், பந்து போடுகிறவனும் அடிக்கிறவனும் ஸ்டம்பும் சேர்ந்தே போவதால் ஆட்டத்துக்குக் கெடுதல் இல்லை, வீட்டுப்படியில் ஏறி நிற்கிற ஃபீல்டர் மட்டும் அவுட் என்று சட்டம் போட்டார்கள். மொராயிஸ் சார் காலையில் நாற்காலியைச் சாலை நடுவில் போட்டுப் பேப்பரை விரிப்பார், தலைப்புச் செய்தி முடிவதற்குள் டீக்கடை வந்துவிடும். நடக்க முடியவில்லை என்ற சாக்கு இனி யாருக்கும் இல்லை என்று பங்குச் சாமியார் காலைப் பூசையைச் சீக்கிரமே வைத்துவிட்டார், அது ஒன்றுதான் மக்களுக்குப் பிடிக்கவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, “இந்த ரோட்டப் போட்ட காண்ட்ராக்டர் யாரு? எங்க ஊர்ல போட்டது நின்ன இடத்துலயே பேந்து போச்சே” என்று பெருமூச்சு விட்டார்கள்.

இது மாதா செய்த புதுமை, பெரிய அற்புதம் என்று தெரு முடிவு செய்தது. லூர்தம்மாள் நின்றுவிட்டால் யாரும் கிட்டே போவதில்லை. “தொடாதீங்க, ஜெபம் கலைஞ்சிரும்” என்று சொல்லி, எல்லாரும் வசதியாக உட்கார்ந்துகொள்வார்கள்.

லூர்தம்மாளுக்கு ஜெசிந்தா என்று ஒரே மகள், ஐந்தாம் வகுப்பு. அவள் அந்த நாட்களில் ராணியாக இருந்தாள். சாலை ஓடும்போது அம்மாவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்காரும் உரிமை அவள் ஒருத்திக்குத்தான், யார் பக்கத்தில் உட்காரலாம் என்பதையும் அவள்தான் சொல்வாள். ஒரு சாயங்காலம் அம்மாவுக்குச் சட்டைப் பட்டன் போட்டுவிட்டபடியே கேட்டாள், இப்போதெல்லாம் பட்டன் லூர்தம்மாளின் விரலுக்கு அகப்படுவதில்லை.

“ரோடு தூக்கிட்டுப் போறப்ப எப்படிம்மா இருக்கும்?”

“பார்சல் மாதிரி இருக்கும்.”

“ஜாலியா இருக்காதா?”

“பார்சலுக்கு ஜாலியா இருக்குமான்னு அதக் கேட்டாத்தான் தெரியும்.” லூர்தம்மாள் அடுத்த பட்டனுக்காகக் கழுத்தை நிமிர்த்தினார். “போற எடத்துக்குப் போய்ச் சேர்ந்துருதேன்ளா. ஆனா நான் போகல, என்னக் கொண்டுபோறாவ. எனக்கு நடக்கணும்.”

ஜெசிந்தாவுக்கு அது பிடிக்கவில்லை. பட்டனை மட்டும் ஒழுங்காகப் போட்டுவிட்டாள்.

அந்த வாரத்தில் சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்த நர்ஸ் பர்வீன், வீடு வீடாகப் பிரஷர் பார்க்கும் பெட்டியோடு நங்கூரத் தெருவுக்கு வந்தாள். வெளியூர் ஆள் ஆயிற்றே என்று தெருவே கூடி அவளைச் சாலையில் நிற்கவைத்து, லூர்தம்மாள் வரும்வரை காத்திருந்து, இடுக்கில் அவர் கால் ஒட்டியதும் “இப்ப பாருங்க, இப்ப பாருங்க” என்றது. சாலை உறுமியது, நகர்ந்தது, டீக்கடை வந்தது, மொராயிஸ் சார் நாற்காலியிலிருந்து எழுந்து எப்படி என்பதுபோலப் பார்த்தார்.

“ரோடு நல்லாத்தான் போகுது சார்” என்றாள் பர்வீன். “அக்காவோட வலது கை ஏன் வீசல?”

தெரு திரும்பி அந்தக் கையைப் பார்த்தது, பர்வீன் விடவில்லை.

“இவ்வளவு பெரிய ரோடு நகர்றது கண்ணுக்குத் தெரியுது, ஒரு கை நகராதது இத்தனை பேருல ஒருத்தருக்கும் தெரியலையா?”

“அது ஜெபமால சொல்லுத கையி” என்றாள் சலேத் மாமி.

“அப்படியாக்கா? ஜெபமாலைதானா?” என்று பர்வீன் லூர்தம்மாளிடமே கேட்டாள். இதுவரை அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

“இல்லம்மா” என்றார் லூர்தம்மாள், சின்னக் குரலில். “அது தானா உருளுது. நான் சொல்லித்தான் பாத்தேன், யார் காதுலயும் விழல.”

பர்வீன் அவரை டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்தாள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அகலமாகத் திறந்து திறந்து வேகமாகத் தட்டச் சொன்னாள். இடது கை தட்டியது, வலது கை தட்டத் தட்டச் சுருங்கி நின்றது. பெயரைத் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னாள். லூர்தம்மாள் கடுகில் தொடங்கி ரவைக்குப் போனார். கடைக்காரரிடம் காப்பித்தூள் வாங்கி மூக்குக்கு நேரே நீட்டினாள், லூர்தம்மாள் “என்ன அது, மண்ணா?” என்றார்.

“நான் டாக்டர் இல்ல, இதுக்கு நான் பேர் வைக்கக் கூடாது” என்றாள் பர்வீன். “ஆனா இதெல்லாம் சேர்ந்து வந்தா சும்மா விடக் கூடாது. பெரியாஸ்பத்திரில நரம்பு டாக்டரைப் பாருங்க. பயமுறுத்தறதுக்காகச் சொல்லல, சீக்கிரம் போனா நல்லதுன்னு சொல்றேன்.”

தொபியாஸ் அடுத்த நாளே மீன்பிடிக்கப் போகாமல் வள்ளத்தைக் கரையில் விட்டுவிட்டு மனைவியையும் மகளையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். பெரியாஸ்பத்திரி டாக்டர் லூர்தம்மாளை நடக்கவிட்டார், திரும்பவிட்டார், கையை மடக்கிப் பார்த்தார், நிறையக் கேள்வி கேட்டார். பார்க்கின்சன் என்றார், நடுக்குவாதம் என்று தமிழில் சொல்வார்கள் என்றார், இது ஒட்டிக்கொள்கிற வியாதி இல்லை, யார் செய்த பாவமும் இல்லை என்றார். மூளை கைகாலுக்கு அனுப்புகிற செய்தியைக் கொண்டுபோகும் பொருள் குறைந்துவிட்டது, அதனால் செய்தி தாமதமாகிறது என்று அவர் விளக்கியபோது லூர்தம்மாள் தலையை ஆட்டினார்.

“தபால் வந்துருது, பட்டுவாடா ஆகல. ஆள் பத்தாது.”

டாக்டர் சிரித்துவிட்டார். “அதேதாம்மா. மாத்திரை தற்காலிகப் போஸ்ட்மேன் மாதிரி. அடியோட குணமாகாது, ஆனா ரொம்ப காலத்துக்கு நல்லா வேலை பார்க்கலாம். வேளை தவறாமப் போடணும், தினம் நடக்கணும், உரக்கப் பேசணும்.”

பக்கத்து அறையில் உடற்பயிற்சி சொல்லித் தருகிறவர் தொபியாஸிடமும் ஜெசிந்தாவிடமும் சொன்னார், “கால் ஒட்டிக்கிட்டா பிடிச்சு இழுக்காதீங்க, விழுந்துருவாங்க. சீக்கிரம் சீக்கிரம்னு சொல்லாதீங்க. முன்னால தாண்டுறதுக்கு ஒரு கோடு இருந்தா போதும், எதுவா இருந்தாலும் சரி, கால் தானா எழும்பும்.”

தொபியாஸ் வீட்டுக்கு வந்ததும் வள்ளத்துக்கு அடிக்கிற நீலப் பெயிண்டை எடுத்து நிலைப்படி, அடுக்களை வாசல், குளியலறை வாசல் எல்லா இடத்திலும் குறுக்குக் கோடு போட்டார், பெயிண்டு மிச்சம் இருந்ததால் வாசலில் கட்டியிருந்த ஆட்டுக்குட்டிக்கும் இரண்டு கோடு போட்டார். லூர்தம்மாள் சட்டையின் பட்டன்களை எடுத்துவிட்டு ஒட்டுகிற பட்டை வைத்துத் தைத்தார், கோணலாக இருந்தது, ஆனால் ஒட்டியது.

தெருவுக்கு விஷயம் தெரிந்ததும் முதலில் எல்லாரும் வெட்கப்பட்டார்கள், பிறகு எல்லாரும் டாக்டர் ஆனார்கள், பிறகு பர்வீன் வந்து அதட்டியதும் எல்லாரும் உபயோகமாக ஆனார்கள். கோயில் மணி மத்தியானம் அடித்தால் கிரிக்கெட் பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு “தபாலக்கா, மாத்திர!” என்று கத்தினார்கள். தபால் தருகிற வீட்டிலெல்லாம் “கேக்கல, உரக்கச் சொல்லு!” என்றார்கள், காதில் விழுந்திருந்தாலும். சாயங்காலம் லூர்தம்மாள் கையை வீசி, நீளநீளமாக அடி வைத்து நடக்கப் புறப்பட்டால், சலேத் மாமி கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கையை வீசினாள், மொராயிஸ் சார் வீசினார், அவர் வீச்சில் டீக்கடைக்காரரின் கண்ணாடி பறந்தது, சாமியார் அங்கி பறக்க வீசினார், படையணி போலத் தெருவே மாதா பாட்டைப் பாடிக்கொண்டு கோயிலுக்கும் கடலுக்கும் இடையே போய்வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் ஏறியது. ஒரு காலையில் கடைசி வீட்டுப் பூனை கண்ணைத் திறக்காமல் ஒரு காதை மட்டும் நிமிர்த்தியது. சில சமயம் சிரிப்பு பாதி தூரம் முகத்துக்கு வந்து சேர்ந்தது.

கால் நடந்தது, ஆகவே சாலை படுத்துக்கொண்டது.

யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் மனசுக்குள் ஒரு சின்ன வருத்தம் எல்லாருக்கும் இருந்தது. சலேத் மாமிக்கு முட்டுவலி திரும்பியது. மொராயிஸ் சார் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு டீக்கடைக்குப் போனார். நெத்திலி அவரவர் வாசலிலேயே காய்ந்தது, அவரவர் ருசியிலேயே இருந்தது. எல்லாரையும்விட அதிகம் வருந்தியவள் ஜெசிந்தா, ஏனென்றால் அவள் பள்ளித் தோழிகள் எல்லாரிடமும், தேர்த் திருவிழா அன்றைக்கு வாருங்கள், எங்கள் ரோடு ஓடும், உங்களை முன்னால் உட்காரவைக்கிறேன் என்று எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தாள்.

திருவிழாவுக்கு முன்னால் மொராயிஸ் சார் கமிட்டிக்காரர்களோடு வீட்டுக்கு வந்தார்.

“தேர் கனம் உனக்குத் தெரியாததா லூர்து? இழுக்க வேண்டிய பயலெல்லாம் துபாய்ல கெடக்கான். அன்னைக்கு ஒருநாள் மட்டும் அந்த மாத்திரைய ஒரு அரை மணி தள்ளிப் போட்டா, ரோடே தேரக் கொண்டுபோயிரும்.”

“ஒங்க பிரஷர் மாத்திரையும் அன்னைக்கு அரை மணி தள்ளிப் போடுதியளா சார்?” என்று தொபியாஸ் கேட்டார். “மூச்சு வாங்குத வேகத்துலயே தேர் போயிருமே.”

கமிட்டிக்காரர்களே சிரித்துவிட்டார்கள். மொராயிஸ் சாரும் கடைசியில் சிரித்தார். லூர்தம்மாள் மட்டும் சிரிக்காமல், தெளிவாக, உரக்கச் சொன்னார், “நான் தேருக்கு முன்னால என் கால்ல நடந்து கடற்கர வரைக்கும் போகணும் சார். அவ்வளவுதான் எனக்கு வேணும். வடத்தப் பிடிக்க ஆள் பத்தலன்னா பொம்பளைங்களயும் கூப்பிடுங்க.”

கூப்பிட்டார்கள். திருவிழா அன்று வடத்தில் சலேத் மாமிதான் முதல் ஆளாக நின்றாள், முட்டுவலி எங்கே போனது என்று தெரியவில்லை. பேண்டு முழங்கியது, மாதா பூவுக்குள் அமர்ந்து அசைந்து வந்தாள், தேருக்கு முன்னால் பாடுகிற பெண்களோடு லூர்தம்மாள் கையை வீசி நடந்தார், அவர் பக்கத்தில் ஜெசிந்தா. மாத்திரையை வேளைக்குத்தான் போட்டிருந்தார். ஆனாலும் கூட்டமும் நெருக்கமும் சேர்ந்தால் மாத்திரையை மீறியும் எப்போதாவது கால் ஒட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், பாதித் தெருவில் வாழைமரமும் சீரியல் விளக்கும் கட்டி நிறுத்தியிருந்த அலங்கார வளைவின் அடியில் அப்படியே ஆனது. லூர்தம்மாளின் பாதங்கள் ஒட்டிக்கொண்டன. பின்னால் தேர் நின்றது. பேண்டு நின்றது.

சாலை மெல்ல உறுமியது.

அந்த உறுமல் கேட்டதும் கூட்டத்தில் ஒரு குதூகலம் பரவியது, தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொன்னார்கள், வடத்தைக் கீழே போட்டார்கள், சேலையை ஒதுக்கிக்கொண்டும் வேட்டியை மடித்துக்கொண்டும் தரையில் உட்கார்ந்தார்கள். தொபியாஸ் வடத்தின் மறு பக்கத்தில், கூட்டத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தார். மொராயிஸ் சார், “நாம ஒண்ணும் கேக்கல, அதுவா வந்திருக்கு, ஒரே ஒரு தடவ” என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னார். வளைவுக்கு அந்தப் பக்கம் சாலையில் ஜெசிந்தாவின் தோழிகள் புதுப் பாவாடையோடு வரிசையாக உட்கார்ந்து, நடுவில் அவளுக்கு ஓர் இடம் விட்டிருந்தார்கள்.

“ஜெசி, ஓடி வா! போகப்போகுது, ஓடி வா!”

ஜெசிந்தா தோழிகளைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, கண்கள் மட்டும் பாதத்துக்கு முன்னால் இருந்த வெறும் தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தன. அம்மா அவளை எதுவும் கேட்கவில்லை. காலடியில் சாலை இரண்டாம் முறை உறுமியது.

ஜெசிந்தா தன் இடது காலை அம்மாவின் பாதங்களுக்கு முன்னால், தாண்டுவதற்கு ஒரு கோடுபோல, குறுக்காக வைத்தாள்.